133, 100, 89: சூர்யா நதிப் பாலத்து விபத்தின் மூன்று வேகங்கள்

2022 செப்டம்பர் 4, ஞாயிறு பிற்பகல். குஜராத்தின் உத்வாடாவிலிருந்து மும்பைக்குத் திரும்பிக்கொண்டிருந்த மெர்சிடிஸ் பென்ஸ் ஜிஎல்சி 220டி கார், மகாராஷ்டிரத்தின் பால்கர் மாவட்டத்தில் சூர்யா நதிப் பாலத்தின் பக்கச்சுவரில் மோதியது. காரில் நான்கு பேர். முன்னிருக்கையில் இருந்த இருவரும் பலத்த காயத்தோடு பிழைத்தார்கள். பின்னிருக்கையில் இருந்த இருவரும் இறந்தார்கள். அவர்களில் ஒருவர் டாடா சன்ஸ் நிறுவனத்தின் முன்னாள் தலைவர் சைரஸ் மிஸ்திரி, வயது 54. பின்னால் இருந்த இருவருமே சீட் பெல்ட் போட்டிருக்கவில்லை.

இந்தியாவில் ஓர் ஆண்டில் நடக்கும் நான்கரை லட்சத்துக்கும் மேற்பட்ட சாலை விபத்துகளில் பெரும்பாலானவற்றின் கோப்பு ஒரே வாக்கியத்தில் முடிந்துவிடும்: "அதிவேகமாகவும் அஜாக்கிரதையாகவும் ஓட்டிவந்து". எவ்வளவு வேகம், எந்த இடத்தில், மோதும்போது அதில் எவ்வளவு மிச்சம் என்ற கேள்விகளுக்குக் கோப்பில் பதில் இருக்காது. இந்த விபத்து அந்த வகையில் அரிதானது. இறந்தவர் பெரிய மனிதர் என்பதால் காவல்துறை, வட்டாரப் போக்குவரத்து அலுவலகம், கார் நிறுவனம், ஐஐடி கரக்பூர் தடயவியல் குழு என்று நான்கு தரப்பும் தனித்தனியே ஆராய்ந்தன. மணிக்கு 133 கி.மீ., 100 கி.மீ., 89 கி.மீ. என மூன்று வேகங்கள் வெளியே வந்தன. செய்திகளில் இவை ஒன்றுக்கொன்று முரணானவைபோலப் பேசப்பட்டன. அளந்த இடமும் அளந்த முறையும் வேறு என்பதால் மூன்றையும் தனித்தனியாகத்தான் படிக்க வேண்டும்.

133: கேமராவும் கடிகாரமும் சொன்னது

கார் ஒரு சோதனைச்சாவடியின் கேமராவில் பிற்பகல் 2.21 மணிக்குப் பதிவானது. அங்கிருந்து சுமார் 20 கி.மீ. தள்ளி, 9 நிமிடத்தில் விபத்து நடந்தது என்றது காவல்துறை. 20 கி.மீ.யை 9 நிமிடத்தால் வகுத்தால் மணிக்கு 133 கி.மீ. இது சராசரி வேகம். வழியில் எங்காவது லாரிக்குப் பின்னால் ஊர்ந்திருந்தால், வேறெங்காவது 133ஐத் தாண்டியிருக்க வேண்டும்.

இந்தக் கணக்கின் பலவீனம் கடிகாரத்தில் இருக்கிறது. விபத்து நேரம் முதல் நாள் செய்திகளில் 3.15 மணி என்றுகூட வந்தது. கேமராவின் கடிகாரம் ஒரு நிமிடம் பிந்தியிருந்தாலோ, விபத்து நேரத்தை யாரோ தோராயமாகச் சொல்லியிருந்தாலோ விடை மாறிவிடும். 8 நிமிடம் என்றால் 150, 10 நிமிடம் என்றால் 120, 12 நிமிடம் என்றால் 100. தூரமும் "சுமார் 20" தான். அது 18 ஆக இருந்தால் அதே 9 நிமிடத்துக்கு 120 வரும். இரண்டு கேமராக்களுக்கு இடையிலான சராசரி வேகத்தை ஆதாரமாகக் காட்டும் எவரும், இரு கடிகாரங்களையும் ஒரே நேர மூலத்தோடு ஒப்பிட்டுக் குறித்திருக்க வேண்டும். ஒரு முனையில் கேமரா, மறுமுனையில் மனித நினைவு என்றால் பிழை வரம்போடுதான் அந்த எண்ணைச் சொல்லலாம். இங்கே 110க்கும் 150க்கும் இடையில் என்று சொல்வது நேர்மையாக இருக்கும்.

அந்த வரம்பின் கீழ் முனையும் அதிகம்தான். மத்திய அரசின் 2018 ஏப்ரல் அறிவிக்கை, நடுவே தடுப்புள்ள நான்குவழிச் சாலையில் கார்களுக்கு மணிக்கு 100 கி.மீ. என்று உச்சவரம்பு வைத்தது. வரம்பை உயர்த்திய அந்த அறிவிக்கையையே 2021இல் சென்னை உயர் நீதிமன்றம் ரத்து செய்து, குறைத்து நிர்ணயிக்கச் சொன்னது. அந்த வழக்கின் வாதங்களும் இந்த விபத்தும் ஒரே கேள்வியைத்தான் தொடுகின்றன: வண்டியும் சாலையும் தாங்கும் வேகம் எது, நடுவில் வரும் பாலம் தாங்கும் வேகம் எது?

100: கடைசி 5 வினாடி

இரண்டாவது எண் காருக்குள்ளிருந்து வந்தது. ஏர்பேக்குகளை இயக்கும் கட்டுப்பாட்டுப் பெட்டி, மோதலுக்கு முந்தைய சில வினாடிகளின் வேகம், பிரேக், ஆக்சிலரேட்டர் நிலைகளைத் தன் நினைவகத்தில் எழுதி வைக்கும். அந்தத் தரவைப் படித்து மெர்சிடிஸ் பென்ஸ் நிறுவனம் கொடுத்த இடைக்கால அறிக்கையைக் காவல்துறை வெளியிட்டது: விபத்துக்கு 5 வினாடி முன்பு பிரேக் போடப்பட்டது; அப்போது வேகம் 100; மோதியபோது 89.

இதை அப்படியே ஏற்றால் ஒரு சிக்கல் வருகிறது. உலர்ந்த தார்ச் சாலையில், நல்ல டயரும் ஏபிஎஸ்ஸும் (சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுக்கும் பிரேக் அமைப்பு) உள்ள கார் முழு பிரேக்கில் ஒவ்வொரு வினாடியும் தன் வேகத்தில் வினாடிக்கு 7 மீட்டரை இழக்கும். மணிக்கு 100 கி.மீ. என்பது வினாடிக்கு 27.8 மீட்டர். 4 வினாடியில், 55 மீட்டரில், கார் நின்றே போயிருக்கும். ஆனால் 100இலிருந்து 89க்கு இறங்க 5 வினாடி ஆனது என்றால், அந்த நேரத்தில் கார் சுமார் 130 மீட்டர் ஓடியிருக்கிறது. கண்முன்னே சுவர் வரும்போது 5 வினாடிக்கு யாரும் அவ்வளவு மென்மையாக பிரேக் பிடிக்க மாட்டார்கள்.

ஆகவே இரண்டில் ஒன்று. ஒன்று, பிரேக்கைத் தொட்டு விட்டு, மறுபடி தொட்டிருக்க வேண்டும். முன்னால் போகும் வண்டியோடு இடம் பிடிக்கும் ஓட்டுநர் செய்வது இதுதான். இல்லையென்றால் 5 வினாடி என்பது பெட்டி சேமிக்கும் பதிவின் நீளம். பல கார்களில் அந்த நீளம் 5 வினாடிதான். அப்படியானால் பிரேக் உண்மையில் கடைசியில்தான் அழுந்தியிருக்கும். முழு பிரேக்கில் 100இலிருந்து 89க்கு வர 0.44 வினாடி போதும், சுமார் 11 மீட்டர். இரண்டு கார்களின் நீளத்தைவிடச் சற்றுக் கூடுதல், அவ்வளவுதான்.

எது சரி என்பதை அரை வினாடி இடைவெளியில் பதிவான முழு அட்டவணை சொல்லிவிடும். அறிக்கையின் சுருக்கம் சொல்லாது. விசாரணை அதிகாரி இப்படிப்பட்ட அறிக்கையைப் பெறும்போது இரண்டு எண்களோடு திருப்தியடையாமல் வேகம், பிரேக் சுவிட்ச், ஆக்சிலரேட்டர், ஸ்டீயரிங் கோணம் ஆகிய நான்கு வரிசைகளையும் கேட்டு வாங்க வேண்டும். காப்பீட்டு வழக்கில் எதிர்த்தரப்பு முதலில் தேடுவது இதைத்தான்.

முந்துவதா, பின்வாங்குவதா

சாலையின் வடிவம் இப்போது உள்ளே வருகிறது. மூன்று தடமாக வந்த சாலை பாலத்தருகே இரண்டாகக் குறுகுகிறது. மூன்றாவது தடத்தில், அதாவது இடது ஓரத் தடத்தில், வந்த கார் இரண்டாவது தடத்துக்குள் நுழைய முடியவில்லை; அங்கே ஒரு லாரி இருந்தது என்று முன்னிருக்கையில் பயணித்தவர் காவல்துறையிடம் சொன்னார். முதல் நாள் நேரில் கண்டவரின் வாக்குமூலமும் கார் இடப்பக்கமாக முந்த முயன்றது என்றே இருந்தது. ஐஐடி கரக்பூர் குழு பாலத்தின் வடிவமைப்பையே குறை சொன்னது: பக்கச்சுவர் ஷோல்டர் எனப்படும் சாலையோரப் பகுதிக்குள் நீட்டிக்கொண்டிருந்தது. அதாவது, ஒரு தடத்தில் நேராகப் போய்க்கொண்டே இருந்தால் அதன் முடிவில் கான்கிரீட் சுவரின் முனை.

இப்படி ஒரு தடம் முடியும் இடத்தில் வண்டிகள் நெருக்கடியின்றி ஒதுங்க எவ்வளவு நீளம் வேண்டும்? அமெரிக்க நெடுஞ்சாலைக் கையேடு தரும் சூத்திரம் எளிமையானது: தடத்தின் அகலத்தை (மீட்டர்) வேகத்தால் (கி.மீ./மணி) பெருக்கி 1.6ஆல் வகுக்க வேண்டும். 3.5 மீட்டர் தடம், மணிக்கு 80 கி.மீ. வேகம் என்றால் 175 மீட்டர். 100 என்றால் சுமார் 220. 133 என்றால் 290. எச்சரிக்கைப் பலகை அதற்கும் முன்னால் நிற்க வேண்டும். நம் நாட்டில் பாலத்தின் அருகே வந்தபிறகுதான் கறுப்பு மஞ்சள் பட்டையைப் பார்க்கிறோம்.

ஓட்டுநரின் பக்கமிருந்து இதே கணக்கைப் பார்க்கலாம். வலது தடத்தில் லாரி மணிக்கு 60 கி.மீ. வேகத்தில் போகிறது என்று வைத்துக்கொள்வோம் (இது எங்கள் ஊகம், வழக்கின் தரவு அல்ல). லாரியை முந்த முடியாது என்று தெரிந்தால், வேகத்தைக் குறைத்து அதன் பின்னால் நுழைவதே வழி. முடிவெடுத்து பிரேக்கில் கால் அழுந்த 1.5 வினாடி. பிறகு 60க்கு இறங்கும் தூரம். 80இல் வந்தவருக்கு மொத்தம் 49 மீட்டர் போதும். 100இல் வந்தவருக்கு 77 மீட்டர். 133இல் வந்தவருக்கு 133 மீட்டர் (எண்கள் ஒத்துப்போவது தற்செயல்). சுவருக்கு 133 மீட்டர் முன்னால், சுவர் இருப்பதே கண்ணில் சரியாகப் படுவதற்கு முன்னால், அவர் முயற்சியைக் கைவிட்டிருக்க வேண்டும்.

இதில் ஏமாற்றும் விஷயம் ஒன்று உண்டு. வேகமாக வருபவருக்கு முந்துவது எளிதாகவே தோன்றும். 55 மீட்டர் இடைவெளியை (லாரியின் நீளம், முன்னும் பின்னும் இடம்) 100இல் கடக்க 5 வினாடியும் 138 மீட்டர் சாலையும் வேண்டும்; 133இல் 2.7 வினாடியும் 100 மீட்டரும் போதும். ஆகவே நூறு தடவை முந்தியவருக்கு நூறு தடவையும் வேகம் உதவியாகவே இருந்திருக்கும். பின்வாங்க வேண்டிய ஒரே ஒரு தடவையில்தான் அது எதிராகத் திரும்பும். தேர்ந்த ஓட்டுநர்கள் என்று பெயர் வாங்கியவர்கள் இந்த இடத்தில்தான் அதிகம் சிக்குகிறார்கள் என்பது எங்கள் கணிப்பு.

நிற்கும் தூரத்தையும் இங்கேயே சொல்லிவிடலாம். அதே 1.5 வினாடி, அதே பிரேக். 60இல் 45 மீட்டர், 80இல் 69, 100இல் 97, 133இல் 153. இந்த எண்களைவிட முக்கியமானது ஒன்று: 80இல் வந்த கார் முழுதாக நின்றுவிடும் அதே 69ஆவது மீட்டரில், 100இல் வந்த கார் இன்னும் மணிக்கு 71 கி.மீ. வேகத்தில் இருக்கும். 133இல் வந்த கார் கிட்டத்தட்ட 124இல் இருக்கும். அதற்கு பிரேக் பிடித்ததாகவே சொல்ல முடியாது. வேகவரம்பை 20 தாண்டினால் 20 அளவுக்கு ஆபத்து கூடும் என்று நினைப்பவர்கள் இந்த 71ஐ ஒருமுறை பார்க்க வேண்டும்.

89: உடலுக்குக் கிடைத்தது

காயத்தைத் தீர்மானித்த எண் இது மட்டும்தான். மணிக்கு 89 கி.மீ. என்பது சுமார் 31 மீட்டர் உயரத்திலிருந்து, பத்து மாடிக் கட்டடத்தின் உச்சியிலிருந்து, தரையில் விழும் வேகம்.

மோதல் சோதனைகளில் ஐந்து நட்சத்திரம் வாங்கிய கார் ஏன் காப்பாற்றவில்லை என்று அப்போது பலரும் கேட்டார்கள். அந்தச் சோதனை மணிக்கு 64 கி.மீ. வேகத்தில், நசுங்கிக்கொடுக்கும் தடுப்பில் நடப்பது. ஆற்றல் வேகத்தின் வர்க்கத்தில் ஏறும். 89ஐ 64ஆல் வகுத்து வர்க்கப்படுத்தினால் 1.93. சோதனையில் கார் உறிஞ்சியதைப்போல ஏறக்குறைய இரண்டு மடங்கு ஆற்றல், அதுவும் அசையாத கான்கிரீட் முனையில். நட்சத்திரங்கள் இதற்குத் தரப்பட்டவை அல்ல.

இத்தனைக்குப் பிறகும் முன்னிருக்கை இருவர் பிழைத்தார்கள். போக்குவரத்து அலுவலக அறிக்கையின்படி நான்கு ஏர்பேக்குகள் விரிந்தன: ஓட்டுநரின் பக்கம் மூன்று, அடுத்த இருக்கைக்கு ஒன்று. பின்னிருக்கையில் இருந்தவர்களுக்கு நேர் முன்னால் விரிய ஏர்பேக் கிடையாது. பெரும்பாலான கார்களில் நிலைமை இதுதான். அங்கே இருப்பது பெல்ட் ஒன்றுதான்.

அது இல்லாதபோது நடப்பதை மில்லிவினாடிகளில் பார்க்கலாம். காரின் முன்பகுதி ஒரு மீட்டர் நசுங்கி நின்றது என்று எடுத்துக்கொள்வோம். மொத்த நேரம் சுமார் 80 மில்லிவினாடி. ஒருமுறை கண் இமைக்க இதைவிட அதிக நேரமாகும். பெல்ட் போட்டவர் காரோடு சேர்ந்து நிற்கிறார். உடலுக்குக் கிடைப்பது புவியீர்ப்பைப்போல 31 மடங்கு. எலும்பு முறியலாம், ஆனால் பிழைக்க வாய்ப்புள்ள எல்லை. 70 கிலோ எடையுள்ளவரின் மேல் அப்போது இரண்டு டன்னுக்குச் சற்று மேலான விசை, இடுப்பெலும்பிலும் தோளிலும் மார்புக்கூட்டிலும் பரவி விழுகிறது.

பெல்ட் இல்லாதவருக்கு முதல் 57 மில்லிவினாடிவரை எதுவுமே நடக்காது. காரின் வேகம் குறைந்துகொண்டே வர, அவர் மட்டும் 89இலேயே போய்க்கொண்டிருப்பார். அரை மீட்டர் தாண்டி முன்னிருக்கையின் முதுகில் மோதும்போது அவருக்கும் காருக்கும் இடையில் மணிக்கு 63 கி.மீ. வேக வித்தியாசம். இருக்கை கொஞ்சம் வளையும். தலை தூணிலோ கூரை விளிம்பிலோ பட்டால் அங்கே வளைய எதுவும் இல்லை. சில சென்டிமீட்டரில் நிற்க வேண்டும். காரின் மோதல் முடிவதற்குள் காருக்குள்ளே இப்படி இரண்டாவது மோதல் நடந்துவிடுகிறது. அந்த அடி முன்னால் இருப்பவருக்கும் சேரும். பின்னால் பெல்ட் இல்லாதவர்கள் இருந்தால், பெல்ட் போட்ட முன்னிருக்கையாளர் இறக்கும் அபாயம் ஐந்து மடங்கு ஆகிறது என்று 2002இல் லான்செட் இதழில் வந்த ஜப்பானிய ஆய்வு காட்டியது.

பெல்ட் அணியும் விதமும் இந்த வழக்கில் பேசப்பட்டது. ஓட்டியவர் தோள்பட்டையை மட்டும் மாட்டி, மடிப்பட்டையைச் சரியாக அணியவில்லை என்பது காவல்துறையின் கூற்று. மடிப்பட்டை வயிற்றின் மேல் அல்ல, தொடைக்கு மேலே இடுப்பெலும்பில் இறுக்கமாகப் படிய வேண்டும். இல்லையென்றால் உடல் கீழே வழுக்கும், விசை எலும்பை விட்டு வயிற்றுக்குப் போகும். தொங்கலை இழுத்து எடுக்காத பெல்ட் முதல் சில சென்டிமீட்டருக்கு இல்லாததற்குச் சமம்.

இப்போது 89ஐ முந்தைய எண்ணோடு கோத்துப் பார்க்கலாம். அதே தவறான முந்தல், அதே சுவர், அதே 0.44 வினாடி பிரேக், ஆனால் ஆரம்ப வேகம் 100க்குப் பதில் 80. மோதும் வேகம் 69. ஆற்றல் 40 விழுக்காடு குறைவு. கார் சோதிக்கப்பட்ட 64க்கு மிக அருகில். பெல்ட் போட்ட நால்வர் அந்தக் காரிலிருந்து நடந்து இறங்கியிருப்பார்கள் என்று உறுதி கூற முடியாது. பிழைக்கும் வாய்ப்பு வேறு தட்டில் இருந்திருக்கும்.

வழக்கும் விதிகளும்

2022 நவம்பரில் ஓட்டியவர்மீது இந்திய தண்டனைச் சட்டத்தின் 304ஏ, 279 உள்ளிட்ட பிரிவுகளில் வழக்குப் பதிவானது. அடுத்த ஜனவரியில் குற்றப்பத்திரிகை தாக்கலானது. 304ஏ அப்போது அதிகபட்சம் 2 ஆண்டு சிறை. 2024 ஜூலை முதல் நடைமுறையில் உள்ள பாரதிய நியாய சன்ஹிதாவின் 106(1) அதை 5 ஆண்டாக்கியிருக்கிறது. வெறும் வேகமீறலுக்கு மோட்டார் வாகனச் சட்டம் 183ஆவது பிரிவில் காருக்கு 1,000 முதல் 2,000 ரூபாய் அபராதம்.

பின்னிருக்கை பெல்ட் அன்றைக்கே கட்டாயம். மத்திய மோட்டார் வாகன விதி 138(3)இல் இருக்கிறது. 194பி பிரிவில் 1,000 ரூபாய் அபராதமும் இருக்கிறது. யாரும் கேட்கவில்லை என்பதே விஷயம். விபத்துக்குப் பிறகு மத்திய அமைச்சர் நிதின் கட்கரி அறிவிப்புகள் வெளியிட்டார். மும்பைக் காவல்துறை 2022 நவம்பர் 1 முதல் காரில் உள்ள எல்லோருக்கும் பெல்ட் கட்டாயம் என்று அமல்படுத்தியது. 2023 மே மாதம் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம், பெல்ட் எச்சரிக்கை ஒலியை ஏமாற்றும் கொக்கிகளை விற்றதற்காக ஐந்து இணைய வணிகத் தளங்கள்மீது உத்தரவிட்டு, 13,118 விற்பனைப் பதிவுகளை நீக்க வைத்தது. பாதுகாப்பு ஒலியைக் காசு கொடுத்து அடக்கும் சந்தை அவ்வளவு பெரியதாக இருந்திருக்கிறது.

விபத்து நடந்த 2022ஆம் ஆண்டின் அரசுப் புள்ளிவிவரத்தில் மொத்த சாலை மரணம் 1,68,491. அதில் 71.2 விழுக்காடு "அதிவேகம்" என்ற பத்தியில். பெல்ட் போடாததால் இறந்தோர் 16,715. அவர்களில் 8,331 பேர் பயணிகள். அதிவேகம் என்ற அந்தப் பத்தியை நாங்கள் சந்தேகத்தோடுதான் படிக்கிறோம். வேகம் கொல்லும் என்பதில் சந்தேகமில்லை. சராசரி வேகம் 1 விழுக்காடு ஏறினால் உயிர்ப்பலி விபத்தின் அபாயம் 4 விழுக்காடு ஏறும் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. ஆனால் அளக்காமலே எழுதப்படும் "அதிவேகம்", சுவர் நீட்டிக்கொண்டிருந்ததையும் பலகை இல்லாததையும் சேர்த்து மூடிவிடுகிறது. இந்த விபத்து நடந்த சாலையில், தாணேயின் கோட்பந்தருக்கும் பால்கரின் தாப்சரிக்கும் இடைப்பட்ட சுமார் 100 கி.மீ. நீளத்தில் மட்டும் அந்த ஆண்டு 60க்கும் மேற்பட்டோர் இறந்திருக்கிறார்கள். அத்தனை பேரும் ஒரே இடத்தில் அஜாக்கிரதையானார்கள் என்றால், அந்த இடத்தைக் கொஞ்சம் விசாரிக்க வேண்டும்.

அந்தச் சாலை தேசிய நெடுஞ்சாலை 48. மும்பை, புனே, பெங்களூரு வழியாகக் கிருஷ்ணகிரி, வாலாஜாபேட்டை, ஸ்ரீபெரும்புதூர் தொட்டுச் சென்னையில் முடிவதும் அதே 48தான். பாலத்தில் ஷோல்டர் மறைந்துபோகும் இடங்கள் இந்தப் பக்கமும் உண்டு. அடையாளம் தெரிந்தால் முன்பே பிடிபடும்: இடது ஓரத்து வெள்ளைக் கோடு மெல்ல வலப்பக்கம் சாயத் தொடங்கும், இரும்புத் தடுப்பு திடீரென்று முளைக்கும், அதன் பிறகு கறுப்பு மஞ்சள் பட்டை. கோடு சாய்வது தெரியும்போது லாரியின் இடப்பக்கத்தில் இருந்து, அதன் ஓட்டுநர் அறையை இன்னும் தாண்டவில்லை என்றால், முந்தும் எண்ணத்தை அந்த நொடியே விட்டு, பிரேக்கை மிதித்து, லாரியின் வால்விளக்குக்குப் பின்னால் வந்துவிட வேண்டும். 80இல் வந்தால் அதற்கு 49 மீட்டர் போதும்.